தீடைக் கூட்டமைப்பு: ஐந்து சீமைகள், இரண்டு தலைநகரங்கள், தீராத ஓட்டுக் கணக்கு

கடலோர உயிர்கள் கூடி நடத்தும் ஒரு நாட்டைப் பற்றி நான் எழுதும் தீடைக் கூட்டமைப்புக் கதைகளைப் படிப்பவர்களுக்கு இப்போது ஒரே குழப்பம். தலைநகரம் பாம்பனுக்கு வடக்கே இருந்ததே, எப்போது தெற்கே போனது? பவளத்துக்கு எத்தனை ஓட்டு? பூநாரைகள் ஓட்டுப் போட்டுவிட்டு ஊரைவிட்டே பறந்துவிட்டால் அந்த ஓட்டு செல்லுமா? கடைசி அத்தியாயத்தில் சபை பாதியில் கலைந்ததற்கு இந்த மூன்றும்தான் காரணம். கதைக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் விளக்க முடியாது, அதனால் தனியாக, அடியிலிருந்து சொல்கிறேன்.

கூட்டமைப்பு கற்பனை. சபை, சட்டம், ஓட்டு எல்லாம் இட்டுக்கட்டியது. ஆனால் அது நிற்கிற தண்ணீர் நிஜம்: தொண்டியில் தொடங்கி, தேவிபட்டினம், மண்டபம், தனுஷ்கோடி என்று சுற்றி, கீழக்கரை வழியாக வாலிநோக்கம் தாண்டிப் போகிற இராமநாதபுரம் கடற்கரைதான் அது. அங்கே வாழும் உயிர்களின் பழக்கமும் நிஜம். ஒரு சீமையில் ஏன் இப்படி ஒரு வழக்கம் என்று கேட்டால், பதில் எப்போதும் அந்த உயிரின் உடம்பிலோ அது தின்னும் தீனியிலோ இருக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் சில சொற்கள்

தீடை என்பது தனுஷ்கோடி முனைக்கு அப்பால் இலங்கைப் பக்கமாக வரிசையாகக் கிடக்கும் மணல்திட்டு. காற்றும் நீரோட்டமும் மாறினால் இதன் வடிவமும் மாறும். கூட்டமைப்பின் எல்லைப்புறம் இதுதான், பெயரும் இதிலிருந்து வந்ததே.

சீமை என்பது கூட்டமைப்பின் ஓர் உறுப்பு. சேதுபதிகள் காலத்திலிருந்து இந்தப் பக்கம் புழங்கும் சொல் என்பதால் மாநிலம், மாகாணம் என்றெல்லாம் போகவில்லை.

வடகடல் என்றால் பாக் விரிகுடா, தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. இராமேசுவரம் தீவு இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. பெண் கடல், ஆண் கடல் என்றும் ஊரில் சொல்வார்கள், அலையின் குணத்தை வைத்து. வடகடல் ஆழமில்லாதது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள் தரை தட்டிவிடும். தென்கடல் கரையோரத்தில் தீவும் பவளமுமாக ஆரம்பித்துப் போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

பார் என்பது கடலடியில் உள்ள கெட்டியான பாறைத் தரை. முத்துச்சிப்பி ஒட்டுவதும் மீன் கூடுவதும் இங்கேதான். தென்கடல் சீமையில் முகவரி கேட்டால் எந்தப் பார் என்றுதான் கேட்பார்கள்.

ஐந்து சீமைகளும் அவற்றின் வழக்கங்களும்

1. வடகடல் சீமை

இது ஆவுளியாக்களின் நாடு. கடல்பசு என்று செய்தித்தாளில் வருகிற அதே விலங்கு. யானைக்குத் தூரத்து உறவு, முழுக்க முழுக்கக் கடற்புல்லைத் தின்றே வாழும், ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் வேண்டும். வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே நகர்வதால் புல்வெளி நடுவே நீளமாக ஒரு சால் விழும். கூட்டமைப்பில் இந்தச் சால்தான் பட்டா. யார் கடைசியாக மேய்ந்தார்களோ அவர்களுடைய இடம் அது. புல் மறுபடி வளர்ந்து சால் மூடிப்போனால் பட்டாவும் காலாவதி. பரம்பரைச் சொத்து என்ற பேச்சே அங்கே இல்லாமல் போனது இதனால்தான், மிராசுதார் ஆவுளியா ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

ஆவுளியா பாலூட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். அதனால் வடகடல் சபையில் ஒரு மூச்சுக்கு மேல் யாரும் பேசக் கூடாது. மேலே போய் மூச்செடுத்துத் திரும்புவதற்குள் அடுத்தவர் முறை வந்திருக்கும். (எந்தெந்தச் சபைக்கெல்லாம் இது தேவை என்று நீங்களே பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.)

கர்ப்பம் ஒரு வருடத்துக்கு மேல், ஈற்றுக்கு ஒரே கன்று, அடுத்த கன்றுக்குப் பல வருட இடைவெளி. ஒரு பெண் ஆவுளியா வலையில் சிக்கிச் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டக் காலம் பிடிக்கும், ஆகவே வடகடலின் எல்லாச் சட்டமும் அவசரப்படாதே என்றுதான் தொடங்குகிறது. மற்றச் சீமைகளுக்கு இது சோம்பலாகத் தெரிகிறது, சண்டையும் வருகிறது. நிஜத்தில் 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டியது, இராமநாதபுரத்துப் பக்கம் இல்லை. கதையில் வடகடல் சீமையின் வடக்குப் பகுதியை ‘காவல் மேய்ச்சல்’ என்று தனியாகக் காட்டியிருப்பது அதனால்தான்.

இதே புல்லில் கடல்குதிரைகளும் உண்டு. ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமந்து பெறும். ஆகவே அவர்களிடம் தலைக்கட்டு எண்ணுவது அப்பனின் பையை வைத்து. இதில் விளக்க வேறொன்றும் இல்லை.

2. தென்கடல் சீமை

எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று இங்கேதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள், நான்கு குழுக்கள்: மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. 1986இல் இவற்றைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989இல் அதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. செய்தியில் இந்த இரண்டு எண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டு மக்களைச் சுற்றவிடுவார்கள். பூங்கா சின்னது, கெடுபிடி அதிகம். காப்பகம் பெரியது, மீனவர் ஊர்களும் தொழிலும் அதற்குள்ளேயே உண்டு. கதையில் இது ‘உள்வேலி’, ‘வெளிவேலி’.

இந்தச் சீமையின் மூத்த குடி பவளம். பார்க்கப் பாறை, தொட்டால் பாறை, உண்மையில் அது லட்சக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்களின் குடியிருப்பு. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுண்ணாம்புக் கிண்ணம் கட்டி அதில் உட்கார்ந்திருக்கும், பக்கத்துக் கிண்ணத்தோடு தசையால் ஒட்டியிருக்கும், ஒன்று தின்றது இன்னொன்றுக்கும் போகும். செத்தவர்களின் சுண்ணாம்பின்மேல் புதியவர்கள் கட்டுகிறார்கள். அதாவது தென்கடலில் வீடு என்றால் முன்னோரின் எலும்பு. முன்னோரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பவளத் தலைவர்கள் இழுத்தடிப்பது கதையில் நக்கலுக்காக வைத்தது இல்லை, அவர்கள் உண்மையிலேயே முன்னோர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, ஓட்டு எத்தனை? மூன்று கட்சி.

அ) ஒரு பவளக் குடியிருப்புக்கு ஒரு ஓட்டு. தசை ஒன்று, பசி ஒன்று, ஆகவே ஆள் ஒன்று என்பது வடகடலின் வாதம். அவர்களுக்கு எண்ணிக்கை குறைவு, அதனால் இந்த வாதம் வசதி.

ஆ) கிண்ணத்துக்கு ஒரு ஓட்டு. இது பவளங்களின் வாதம். ஒத்துக்கொண்டால் மற்ற நான்கு சீமைகளும் இனி சபைக்கு வரவே வேண்டாம், ஒரே ஒரு பாறை எல்லோரையும் தோற்கடித்துவிடும்.

இ) குத்தகைதாரர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்ற மூன்றாவது கட்சி. சபை கலைந்ததில் பெரிய பங்கு இவர்களுக்குத்தான்.

யார் இந்தக் குத்தகைதாரர்கள்? பவளத்தின் தசைக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கி உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அவை தந்ததுதான். தண்ணீர்ச் சூடு ஒரு அளவுக்கு மேல் ஏறி வாரக்கணக்கில் நின்றால் இந்த ஏற்பாடு முறிந்து பாசிகள் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். வெளுத்த பவளம் உடனே சாகாது, பட்டினியில் இருக்கும். சூடு தணிந்து பாசி திரும்பினால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது.

இப்போது மூன்றாம் கட்சியின் வாதத்தைப் பாருங்கள். சோறு போடுவது பாசி, ஓட்டு மட்டும் பவளத்துக்கா? பவளங்களின் பதில் ஒரே வரிதான்: வெயில் ஏறினால் நாட்டைவிட்டுப் போகிறவனுக்கு எதற்கு ஓட்டு? அதற்குப் பாசிகள் சொல்வது, போகவில்லை, நீங்கள்தான் துரத்திவிடுகிறீர்கள். விஞ்ஞானப்படியும் இது பவளம் வெளியேற்றுவது என்றுதான் சொல்லப்படுகிறது, ஆகவே கதை எழுதுகிறவனாக நான் பாசிகள் பக்கம் சாய்ந்திருக்கிறேன். அதை மறைக்கவும் போவதில்லை.

தென்கடலில் கடல் அட்டையும் உண்டு. மணலைத் தின்று, அதிலுள்ள கழிவை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே விடும். கூட்டமைப்பின் துப்புரவுத் துறை முழுவதும் அவர்கள் கையில். 2001இலிருந்து சட்டப்படி பிடிக்கத் தடை, இருந்தும் மண்டபம், வேதாளை பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கதையில் துப்புரவாளர்கள் ‘காணாமல் போவது’ இதைத்தான் குறிக்கிறது.

3. தீடைச் சீமை

நிலையான நிலமே இல்லாத சீமை. ஆலா என்ற கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டை இடுகின்றன, கூடு என்று எதுவும் கிடையாது, முட்டையின் புள்ளியும் மணலின் புள்ளியும் ஒன்றாகவே இருக்கும். அதனால் இங்கே மிகப் பெரிய குற்றம் பார்க்காமல் கால் வைப்பது. திருட்டுக்குக்கூட இவ்வளவு தண்டனை இல்லை.

இவர்களின் ஆண்டுக்கணக்கு 1964இல் தொடங்குகிறது. அந்த டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போனது, பயணிகளோடு ரயிலும் போனது. மனிதர்களுக்கு அது முடிவு, பறவைகளுக்கு அது முதலாம் ஆண்டு. கொடூரமாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும், ஆலாவின் கணக்கில் இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

பூநாரைகள் இங்கே விருந்தாளிகள். குளிர்காலத்தில் வந்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை வடிகட்டித் தின்றுவிட்டு, கோடை முற்றும்போது போய்விடும். குஞ்சு பொரிப்பது இங்கே கிடையாது, கட்ச் ரண் போன்ற தூர தேசத்தில். சாம்பல் நிறம் மாறாத இளசுகளையும் கூட்டத்தில் பார்க்கலாம், நிறம் தீனியிலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏறும். பிறப்பால் வரும் குடியுரிமை ஒரு பூநாரைக்கும் இல்லை என்பதால் அவர்களுக்கு விருந்து ஓட்டு உண்டு: இருக்கிற மாதங்களில் செல்லும், போய்விட்டால் போட்ட ஓட்டு நிற்கும், ஆனால் புதுத் தீர்மானத்தில் பேச முடியாது. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்தார்களே, அதன் பிறகு கதையில் அவர்கள் குரல் கொஞ்சம் ஓங்கியிருக்கிறது.

பங்குனி ஆமைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெட்டை மட்டும்தான் முட்டையிடக் கரையேறும். ஆண் ஆமை பொரிந்த அன்று மணலில் ஓடியதோடு சரி, அப்புறம் சாகும்வரை நிலத்தைத் தொடுவது அபூர்வம். ஆகவே நிலம் பற்றிய தீர்மானத்தில் ஆண் ஆமைக்கு ஓட்டு இல்லை. மணல் சூடு ஏறினால் பொரிவது பெரும்பாலும் பெட்டையாகவே இருக்கும் என்பதால், வெயில் கூடக் கூட இவர்களின் நில ஓட்டு பெருகிக்கொண்டே போகிறது. சபையில் இதை ஒருவரும் இன்னும் கவனிக்கவில்லை.

4. அலையாத்திச் சீமை

காரங்காட்டுப் பக்கத்துச் சேற்றுக்காடு. கடல்நீரின் வற்றம், ஏற்றம் இரண்டை வைத்தே நாள் ஓடும். வற்றத்தில் ஒற்றைப் பெருங்கொடுக்கு நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து கொடுக்கை ஆட்டும், அதுதான் பேச்சு, பெண் கேட்பது, மிரட்டுவது, எல்லாமே. பெண் நண்டுக்கு இரண்டு கொடுக்கும் சின்னது, ஆட்டுவதில்லை, ஆகவே அங்கே கேட்பவர்கள் பெண்கள், கத்துபவர்கள் ஆண்கள். கதையில் இதற்கு இடம் குறைவு.

5. கண்மாய்ச் சீமை

கடல் கூட்டமைப்பில் கண்மாய்க்கு என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களில் கருவேல மரத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நாரைகளும் தூரத்து நீர்நிலைகளுக்கும் கரையோரத்துக்கும் பறந்துபோய் இரை தேடுபவை. கடலோரத்தில் தின்று உள்நாட்டில் குடித்தனம் நடத்துகிறவர்களை வெளிநாட்டவர் என்று சொல்ல முடியாது. இந்த நான்குமே ராம்சர் ஈரநிலங்கள், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிட்டவை, முதல் இரண்டும் 2022இல், அடுத்த இரண்டும் 2025இல் பட்டியலில் ஏறின.

ஒரே சிக்கல், இந்தச் சீமை மழையைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாவிட்டால் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை, அந்த ஆண்டு சீமையே இல்லை. சாசனத்தில் ‘தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில் உறுப்பு’ என்றுதான் எழுதியிருக்கிறது.

தலைநகரம் ஏன் இடம் மாறுகிறது?

இதை மீனவர்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஐப்பசி வாக்கில் வாடைக்காற்று எடுத்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்குமேல் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசினால் தென்கடல் கொந்தளித்து வடகடல் அடங்கும். ஒரு கரையில் தொழில் பார்த்தவர்கள் காற்று மாறினால் வள்ளத்தை மறு கரைக்குக் கொண்டுபோவது இங்கே வழக்கம்தான். பாம்பன் கால்வாயில் நீரோட்டமும் காற்றோடு சேர்ந்து திசை மாறும், வாடையில் தெற்கு நோக்கி, கச்சானில் வடக்கு நோக்கி.

கூட்டமைப்பும் அப்படியே. வாடைக்குச் சபை தென்கடலில், கச்சானுக்கு வடகடலில். ஓட்டத்தோடு போவதால் தலைநகரம் மாறுவதற்குச் செலவில்லை. ஓட்டம் திரும்பும் அந்தச் சில நாட்களில் கால்வாய்க்குள் மாட்டியவர்கள்தான் இரு பக்கமும் ஓட்டில்லாமல் நிற்பார்கள். தூக்குப்பாலத்துக்கு அடியில் நடக்கும் அந்த ரகளைக் காட்சி இதுதான்.

இடையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017க்கு முன்னால் இது 45 நாள். கூட்டமைப்புக்கு இந்த 61 நாளும் தேசியத் திருவிழா. யார் அறிவித்தது, ஏன் அறிவித்தது என்பது அவர்களுக்குத் தெரியாது, இரைச்சல் நிற்கிறது என்பது மட்டும் தெரியும். நாட்டுப்படகுகள் வந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே முழு அமைதி என்று நினைத்து வெளியே வரும் இளசுகள் மாட்டிக்கொள்வதும் உண்டு.

மனிதர்கள் எங்கே?

மனிதர்கள் குடிகள் இல்லை, வானிலை. படகின் அடிப்பகுதி, வலை, நங்கூரம், இவ்வளவுதான் கீழேயிருந்து தெரியும். 1974, 1976 ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் கடலில் போட்ட கோடு இவர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் வருவது ஒரே இரைச்சல்தான்.

ஒரு விலக்கு உண்டு. கடற்பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்க இவர்கள் மூச்சடக்கி உள்ளே வருகிறார்கள், கண்ணில் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றிய துணி, இடுப்பில் கட்டிய பை. பவளங்கள் முகத்தைப் பார்த்திருக்கிற மனிதர்கள் இவர்கள் மட்டுமே. அதனால் கதையில் பெயரோடு வரும் மனிதப் பாத்திரங்கள் எல்லாம் பெண்கள். இது கொள்கை எதுவும் இல்லை, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இதனால் இனி என்ன ஆகும்?

1. நிரந்தரப் பெரும்பான்மை யாருக்கும் இல்லை. காற்று மாறினால் சபை இடம் மாறும், மழை பொய்த்தால் ஒரு சீமை குறையும், கோடையில் பூநாரை ஓட்டு குறையும். ஆகவே முக்கியமான தீர்மானத்தை எந்த மாதத்தில் கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். தை மாதத்தில் வந்தால் பறவைகளுக்குச் சாதகம், ஆடியில் வந்தால் ஆவுளியாக்களுக்கு.

2. அடுத்த கடும் கோடையில் பாசிகள் வெளியேறினால் மூன்றாம் கட்சியின் வழக்குக்குத் தானாகவே சாட்சி கிடைத்துவிடும். பவளங்கள் பட்டினியில் கிடக்கும்போது யாரிடம் போய்க் கேட்பார்கள் என்பதில்தான் அடுத்த சில அத்தியாயங்கள் ஓடும்.

3. வந்தேறிச் சிக்கல். கப்பாபைகஸ் என்ற பாசி வெளிநாட்டிலிருந்து வந்தது, ஊரில் பெப்சி பாசி என்பார்கள், மண்டபம் பக்கத்துப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் இதுதான். ஆனால் வளர்க்கிற இடத்தைவிட்டுத் தப்பிக் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்ததை 2008வாக்கில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். குடியுரிமை கேட்டு இந்தப் பாசி போட்ட மனு நிலுவையில் இருக்கிறது. பவளங்கள் எதிர்ப்பது புரிகிறது. பாசிக் குத்தகைதாரர்கள் எதிர்ப்பதுதான் வேடிக்கை, இனம் ஒன்றுதானே என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

4. மூழ்கிய தீவுகளின் இருக்கை. 21இல் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் தீவுக்கு அரண் போய், அலை நேராக மண்ணை அரித்தது இதற்கு முக்கியக் காரணம். கரியாச்சல்லியும் சுருங்கிக்கொண்டே வருகிறது. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டு போட்டு அரிப்பைத் தடுக்கும் வேலை நடந்தது. சபையில் கேள்வி இது: தீவு போனால் அதன் இருக்கையும் போகுமா? வடகடல் போகும் என்கிறது, சால் மூடினால் பட்டா போகிற கணக்கில். தென்கடல் போகாது என்கிறது, முன்னோர் இன்னும் கீழேதான் இருக்கிறார்கள் என்ற கணக்கில். இப்போதைக்கு இரண்டு இருக்கையும் காலியாகவே விடப்பட்டு, ஓட்டெடுப்பில் ‘வரவில்லை’ என்று குறிக்கப்படுகின்றன. கடைசி அத்தியாயத்தில் எண்ணிக்கை இரண்டு இடித்ததே, கணக்குப் பிழை என்று பலர் எழுதியிருந்தார்கள், அந்த இரண்டு இவைதான்.